நோரா தேய்த்த படிக்கட்டு

இறங்க மறுத்தவர்

அயர்லாந்தில் நான் டியூட்டியில் சேர்ந்த முதல் நாள், ஆம்புலன்ஸில் வந்த ஒரு கிழவர் இறங்க மாட்டேன் என்று ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். விவசாயி, பெரிய கைகள். கூட வந்த மகனிடம், "என்னை இங்க விட்டுடாதே" என்று கெஞ்சினார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானும் இன்னொரு நர்ஸும் அவருடைய விரல்களைக் கம்பியிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்தோம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அது அரசாங்கம் நடத்தும் நர்சிங் ஹோம், முதியவர்களை வைத்துப் பராமரிக்கும் இடம். ஹீட்டர் உண்டு, வேளாவேளைக்குச் சாப்பாடு உண்டு, துவைத்து மடித்த போர்வை உண்டு. கடலூரில் நான் பார்த்த எந்த வார்டும் அதன் பக்கத்தில் வர முடியாது. இதற்கா ஒரு மனிதர் இப்படி நடுங்குவார்?

நான் பிலோமினா. சிதம்பரத்தில் நர்சிங் படித்துக் கடலூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். சுனாமி அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த உடல்களைக் கழுவி வரிசையாகக் கிடத்தியவர்களில் நானும் ஒருத்தி. அதற்குச் சில வருஷம் கழித்துதான் அயர்லாந்து வேலை கிடைத்தது. இனிமேல் பயப்பட ஒன்றும் பாக்கியில்லை என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

இப்போது ஓய்வுபெற்றுச் சிதம்பரத்தில் இருக்கிறேன். வாரத்தில் சில நாள் கடலூர் போய், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போகவிருக்கும் நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள், குளிர் எப்படி என்று கேட்கிறார்கள், ஹாஸ்டலில் சாதம் வடிக்க விடுவார்களா என்று கேட்கிறார்கள். போகிற நாட்டில் அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்காமல்தான் போனேன். அதனால் இதை எழுதுகிறேன்.

போர்டு மட்டும் மாறிய கட்டடம்

எங்கள் நர்சிங் ஹோம் சாம்பல் நிறக் கல்லால் கட்டியது. பழைய பகுதியில் ஜன்னல்கள் ஆளுயரத்துக்கு மேலே இருக்கும். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கக் கூடாது என்று கட்டினது மாதிரி இருக்கிறதே என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னேன். எங்கள் டைரக்டர் ஆஃப் நர்சிங் மொரீன், அதாவது நம்ம ஊர்க் கணக்கில் மேட்ரன், "அப்படித்தான் கட்டினாங்க" என்றாள். பிறகு கதையைச் சொன்னாள்.

இங்கிலீஷ்காரர்கள் ஆண்ட காலத்தில் ஏழைகளுக்காகக் கட்டிய கஞ்சித்தொட்டி அது. ஆனால் கஞ்சி சும்மா கிடைத்துவிடக் கூடாது. உள்ளே வந்தால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். வேலை செய்தால்தான் சோறு. கட்டிக் கொஞ்ச காலத்திலேயே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி நாடு முழுக்கப் பஞ்சம் வந்தது. செத்தவர் செத்துப்போக, முடிந்தவர் கப்பலேற, எதுவும் முடியாதவர் இந்தக் கதவைத் தட்டினார்கள்.

அந்தப் பஞ்சம் அவர்களுக்கு ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. நிலத்தைத் துண்டு போட்டால் எல்லோரும் சாக வேண்டியதுதான். அதனால் நிலம் ஒரே ஒரு மகனுக்கு. மற்றப் பிள்ளைகளுக்குக் கப்பல், இல்லையென்றால் குருமடம், கன்னியர் மடம். நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் குடும்பப் பெயரைக் காப்பாற்ற வேண்டும். பெயர் பெண்ணின் வயிற்றில் இருந்தது. எங்கோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பிறகு சுதந்திரம் வந்தது. நம்மைப் போலவே இங்கிலாந்திடமிருந்து போராடி வாங்கியதுதான். புது அரசாங்கத்திடம் காசு இல்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அனாதைகள், 'கெட்டுப்போன' பெண்கள் என்று எல்லாப் பொறுப்பையும் கத்தோலிக்கச் சபை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. அரசாங்கமும் நிம்மதியாக விட்டுவிட்டது. எந்தக் கட்சி வந்தாலும் பிஷப்பைப் பகைத்துக்கொள்ளத் துணியவில்லை. கருத்தடைச் சாதனம் விற்றால் குற்றம், விவாகரத்து கிடையாது. எங்கள் கட்டடத்துக்கு 'கவுன்ட்டி ஹோம்', அதாவது மாவட்ட இல்லம் என்று போர்டு மாற்றினார்கள். அதே சுவர், அதே உயரமான ஜன்னல். யாருமில்லாத கிழவர்கள், புத்தி பேதலித்தவர்கள், கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்கள் எல்லோரும் அங்கேதான். நான் சேர்ந்தபோது தொங்கியது மூன்றாவது போர்டு.

அந்தக் கிழவர் படித்தது பழைய போர்டை.

என்னை நர்ஸாக்கியதே கன்னியாஸ்திரீகள்தான். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம் மொரீன் மேல்தான் வந்தது. வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சவரியிடம் பொரிந்தேன். அவர் கேட்டுவிட்டு, "அவ சபையில அவ பாத்தத சொல்றா. நீ பாக்கலன்னா நடக்கலையா?" என்றார்.

நாங்கள் இருந்த காலத்தில்தான் அந்த நாடு ஒவ்வொன்றாகப் பழசைக் கழற்றியது. கருக்கலைப்பைத் தடுக்கும் பிரிவை அரசியல் சாசனத்திலிருந்து எடுக்கலாமா என்று ஓட்டு நடந்தது. எழுந்து போக முடியாதவர்களுக்காக ஓட்டுப்பெட்டி நர்சிங் ஹோமுக்கே வரும், கூட ஒரு போலீஸ்காரரும் வருவார். எங்கள் வார்டில் ஒரு பாட்டி, ஜெபமாலையை மணிக்கட்டில் சுற்றியபடி, போலீஸ்காரரை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு ஓட்டுப் போட்டாள். அப்போது நானும் குடியுரிமை வாங்கியிருந்தேன். நான் என்ன போட்டேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஃபயர் டோர்

நோரா வந்தது அதற்கடுத்த வருஷம். எண்பதைத் தாண்டியவள். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகி, டிமென்ஷியாவும் ஆரம்பித்திருந்தது. கல்யாணம் ஆகாதவள். இருந்த ஒரே சொந்தம் அண்ணன் மகள் எய்லீன். அண்ணன் நிலத்தை இப்போது எய்லீன்தான் பார்த்துக்கொண்டாள். நல்ல பெண். வாரம் தவறாமல் வருவாள், வரும்போது நோராவுக்குப் பிடித்த ஜாம் கொண்டுவருவாள்.

நோராவுக்குக் கிடைத்தது பின்பக்க வார்டு. வந்த நாளிலிருந்து ஜன்னல் திரைச்சீலையை மூடு, மூடு என்பாள். குளிக்க வைக்கப் போனால் இரண்டு கையாலும் மார்பை மறைத்துக்கொண்டு அழுவாள். காலையில் கொடுக்கும் பாலைக் குடிக்காமல் லாக்கருக்குள் ஒளித்து வைப்பாள். "அவனுக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்பாள். யாருக்கு என்றால் வாயை மூடிக்கொள்வாள். டிமென்ஷியா வந்த பெண்கள் கைக்குழந்தையைத் தேடுவது அபூர்வமில்லை. அவளை எப்படிப் பராமரிப்பது என்று எழுதி வைக்கும் கேர் பிளானில் அப்படியே எழுதினோம்: குழப்பம், குழந்தையைத் தேடுகிறார், பேச்சை மாற்றவும்.

ஒரு மத்தியானம் அவளை வாக்கரில் நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். வராண்டாக் கடைசியில், தீ பரவாமல் தடுக்கப் போட்ட ஒரு ஃபயர் டோர் உண்டு. எப்போதும் பூட்டியிருக்கும். பின்னால் எலக்ட்ரிகல் ரூம் என்று நினைத்திருந்தேன். அதன் முன்னால் நோரா நின்றுவிட்டாள். அன்றைக்கு அவள் பேச்சு தெளிவாக இருந்தது.

"இதுக்குப் பின்னால படிக்கட்டு இருக்கு. திரும்புற எடத்துல ஒரு படி உடைஞ்சிருக்கும். அங்க தண்ணி தேங்கும். அதத் துடைக்கறதுதான் கஷ்டம். வயிறு இடிக்கும்."

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்கச் சொன்னேன். படிக்கட்டு இருந்தது. கல் படிகள், நடுவில் தேய்ந்து குழிந்து கிடந்தன. திரும்புகிற இடத்தில் ஒரு படியின் மூலை உடைந்திருந்தது. இவ்வளவு வருஷம் கழித்தும் அந்த இடம் கறுத்துப்போயிருந்தது. உட்கார்ந்து அந்தப் படியைத் தொட்டுப் பார்த்தேன். எதற்குத் தொட்டேன் என்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் நோரா எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னாள். இடையில் மறந்துபோவாள், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். பக்கத்துப் பண்ணையில் அறுவடைக்கு வந்தவன் ஒருவன். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அண்ணன்தான் வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டான். உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரசவம் வரைக்கும் படி தேய்த்தாள், அதற்குப் பிறகு துணி துவைத்தாள். பையன் பிறந்தான். மைக்கேல் என்று பெயர் வைத்தாள். பால் கொடுக்க மட்டும் அவளிடம் விடுவார்கள், மணியடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். குளிர்காலத்தில் அவனுக்கு நெஞ்சுச் சளி கட்டியது. ஒருநாள் காலையில் பால் கொடுக்கப் போனபோது தொட்டில் காலியாக இருந்தது. இறந்துவிட்டான் என்றார்கள். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, போய் வேலையைப் பார் என்றார்கள். வார்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் ஒரு ஆள் மண்வெட்டியோடு நின்றதை ஏணி வைத்து ஏறிப் பார்த்ததாக ஒரு பெண் அவளிடம் சொன்னாளாம். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து, இடுப்பு உடைந்தவளை அதே அரசாங்கம் ஆம்புலன்ஸில் ஏற்றி, அதே கட்டடத்துக்கு, அதே புல்தரையைப் பார்த்த மாதிரி ஒரு பெட்டுக்கு அனுப்பியிருந்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. அந்த கவுன்ட்டியில் காலியாக இருந்தது அந்த பெட்தான்.

மொரீனிடம் போனேன். முன்பக்கம் புதிதாகக் கட்டிய பகுதிக்காவது மாற்றுங்கள் என்றேன். "அவ வயசுல இருக்கற பல பேருக்கு இந்தக் கட்டடம் ஒரு மாதிரிதான் பிலோ. எல்லாரையும் நான் எங்க மாத்துவேன்?" என்றாள். முன்பக்கத்துக்குக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். நோராவை முன்னால் கொண்டுபோக வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும், குடும்பத்தோடு பேச வேண்டும். நோரா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எய்லீனுக்குத் தன் அப்பா என்றால் உயிர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு இதைச் சொல்லி அந்தப் பெண்ணின் மனதை உடைக்கக் கூடாது என்பதில் நோரா உறுதியாக இருந்தாள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை அவள் ஒருநாளும் மறக்கவில்லை.

ரெசிடென்ட், அதாவது ஹோமில் தங்கியிருப்பவர், சொல்லாதே என்றால் சொல்லக் கூடாது. நம் தொழிலின் முதல் பாடம் அது. அதைக் காப்பாற்றினேன். திரைச்சீலையை மூடி வைத்தேன். குளிக்கும்போது பெரிய துண்டைப் போர்த்தி, துண்டுக்குள் கையை விட்டுக் கழுவினேன். கேர் பிளானில் 'பேச்சை மாற்றவும்' என்று இருந்ததை அடித்தேன். அவள் மைக்கேலைப் பற்றிக் கேட்டால், "அவன் எப்படி இருப்பான்?" என்று கேட்டேன். "காது பெருசு" என்றாள். அன்றைக்குப் பாலைக் குடித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே

அப்புறம் கொரோனா வந்தது. பார்வையாளர்கள் யாரும் உள்ளே வரக் கூடாது. எங்களிடம் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துகொண்டிருந்தார்கள். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை, எழுதினால் முடியாது.

குடும்பத்தார் வெளியே ஜன்னலுக்கு எதிரில் நின்று போனில் பேசுவார்கள். உள்ளே நாங்கள் கிளவுஸ் போட்ட கையால் போனை ரெசிடென்ட்டின் காதில் பிடித்துக்கொண்டு நிற்போம். பழைய பகுதியில் பின்பக்க வார்டு ஜன்னல்களை மட்டும் முன்பே இடித்துத் தாழ்த்தியிருந்தார்கள். எய்லீன் வந்த அன்று, பார்க்க வேண்டுமே என்று நான் திரைச்சீலையைத் திறந்தேன். அவள் புல்தரையில் நின்று கையசைத்தாள்.

நோரா போனில் ஹலோ சொல்லவில்லை. "அங்க நிக்காதே" என்றாள்.

எய்லீனுக்குப் புரியவில்லை. ஏதோ குழப்பம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, ஏன் அத்தை என்று கேட்டாள்.

"என் பையன் அங்க இருக்கான். மேல மிதிக்காதே."

எய்லீன் என்னைப் பார்த்தாள். எனக்கு மாஸ்க், ஷீல்டு எல்லாம் இருந்தது, கண் மட்டும்தான் தெரியும். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் அவள் என் கண்ணிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். மெதுவாகப் பின்னால் நகர்ந்து, புல்லை விட்டு இறங்கித் தார்ப் பாதையில் போய் நின்றாள். அங்கிருந்தே பேசினாள். நோரா எல்லாவற்றையும் சொன்னாள். படிக்கட்டு, மணி, காலித் தொட்டில். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது, மாற்றிக்கொள்ளவில்லை.

கடைசியில் எய்லீன் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்கள இங்க கொண்டுவந்து விட்டது யாரு?"

நோரா யோசித்தாள். அவளுக்கு நினைவிருந்தது. எனக்குத் தெரியும். "மழை பேஞ்சுது. ஒரு வண்டியில வந்தேன்" என்றாள்.

அந்தக் காலத்தில் அந்த ஊரில் யாரிடம் வண்டி இருந்தது என்று எய்லீனுக்குத் தெரியாமலா இருக்கும்? பாதையிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள். போனை மட்டும் வைக்கவில்லை.

மறுநாளே எய்லீன் மொரீனிடம் பேசினாள். அந்த வாரமே நோரா முன்பக்கப் புதுப் பகுதிக்குப் போனாள். அங்கே பெட் காலியானது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

மன்னிப்பு

அடுத்த குளிர்காலத்தில், கல்யாணமாகாத தாய்மார்களை வைத்திருந்த இப்படிப்பட்ட இல்லங்களைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தது. பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து, அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் சேர்ந்து உட்காரும் டே ரூமில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தோம். வழக்கமாகப் பேச்சு நிகழ்ச்சி வந்தால் சேனலை மாற்றச் சொல்லும் பாட்டிகள் அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எத்தனை பேர் தங்களுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

நோரா என்னிடம், "அவர் யாருகிட்ட பேசறாரு?" என்று கேட்டாள்.

"உங்ககிட்டதான் நோரா" என்றேன்.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள். அவர் சபாநாயகர் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "அப்ப இந்தப் பக்கம் திரும்பிப் பேசச் சொல்லு" என்றாள்.

வசந்தம் வருவதற்கு முன்னால் நோரா போய்விட்டாள். தூக்கத்தில், கஷ்டமில்லாமல். மைக்கேல் எங்கே இருக்கிறான் என்று எய்லீன் ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டுப் பார்த்தாள். தெரியவில்லை என்ற ஒரே பதிலை வெவ்வேறு மாதிரி சொன்னார்கள். இழப்பீட்டுத் திட்டம் பிறகுதான் வந்தது. நோராவுக்கு அது தேவைப்படவில்லை.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர்

ஊர் திரும்பிய பிறகு நடந்தது இது. யாரென்று தெரியாமலிருக்கப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கௌசல்யா என் வகுப்பில் படித்தவள். நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கிராமம். அப்பா கரும்பு விவசாயி, பெயர் செல்வராசு. அவர்கள் வீட்டில் முதல் டிகிரி அவள்தான். வெளிநாட்டு வேலைக்கான பரீட்சையில் முதல் தடவையே பாஸ் பண்ணி, அயர்லாந்தில் வேலை உறுதியாகி, விசாவுக்குக் காத்திருந்தாள். திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் செல்வராசு அவளையும் கூட்டிக்கொண்டு வகுப்பு முடிகிற நேரத்துக்கு வந்தார். பிள்ளைகள் போகும்வரை வாசலிலேயே நின்றார். வயிறு மறைய அவள் துப்பட்டாவைப் போட்டிருந்த விதத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அவள் பழகிய பையன் வேறு சாதி. விஷயம் வெளியே வந்ததும் அவன் வீட்டில் அவனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டார்கள். அவனும் போய்விட்டான். கலைக்க டாக்டரிடம் போயிருக்கிறார்கள், நாள் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

செல்வராசு குரலைத் தாழ்த்திப் பேசினார். "உங்க மதத்துல ஹோம் மாதிரி வச்சிருப்பாங்களாம் மேடம். புள்ள பொறக்கற வரைக்கும் இவ அங்க இருக்கட்டும். பொறந்தத அவுங்களே யாருக்காவது குடுத்துடட்டும். அப்பறம் இவ பிளைட் ஏறிடுவா. ஒருத்தருக்கும் தெரியாது. அட்ரஸ் மட்டும் குடுங்க."

கெட்ட மனிதர் இல்லை அவர். பேசும்போது மகளைத் திட்டவில்லை. கௌசல்யாவின் தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம், விஷயம் தெரிந்தால் ஒருவரும் தர மாட்டார்களாம், ஊரில் நடமாட முடியாதாம். இத்தனையையும் கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். எனக்கு மழையில் நின்ற அந்த வண்டி ஞாபகம் வந்தது. அதை ஓட்டி வந்த அண்ணனும் இப்படித்தான் இருந்திருப்பான் என்று அப்போதுதான் தோன்றியது. அதுவரைக்கும் அவனை ஒரு அரக்கனாகவே நினைத்திருந்தேன்.

நோராவைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "அது வெள்ளக்காரன் ஊரு மேடம்" என்றார்.

"அந்த ஊர்லயும் அப்பனும் அண்ணனும்தான் கொண்டுபோய் விட்டாங்க தம்பி. அரசாங்கம் கட்டடத்த மட்டும்தான் குடுத்துச்சு. நான் அட்ரஸ் குடுக்க மாட்டேன்."

கௌசல்யாவிடம் நேராகக் கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. அவள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "புள்ளைய குடுக்க மாட்டேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிதம்பரத்தில் என் வீட்டில் வந்து இரு என்றேன். செல்வராசு எழுந்து, "வா போலாம்" என்றார். அவளும் போனாள்.

படியிறங்கும்போது நான் அவரை நிறுத்தி, அவளுக்கு ஏதாவது ஆனால் முதலில் போலீசுக்குப் போகிற ஆள் நான்தான் என்று சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது. "எம் புள்ளைய நான் கொன்னுடுவேன்னா நெனைக்கறீங்க?" என்று கேட்டார். நம் பக்கத்தில் இந்த மாதிரி விஷயங்கள் எப்படியெல்லாம் முடிந்திருக்கின்றன என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எமர்ஜென்சி வார்டில் பூச்சிமருந்து வாடையோடு வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை. பிறகு சுவிட்ச் ஆஃப். சவரி ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வா, நேர்லயே போயிடலாம்" என்றார். கடலூர் போய் பஸ் மாறி நெல்லிக்குப்பம் போனோம். ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அங்கிருந்து ஆட்டோ பிடித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கௌசல்யாவின் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"வாங்க மேடம். பாப்பா அயர்லாந்து போயிட்டால்ல. உங்க புண்ணியத்துல நல்லா இருக்கா."

விசா வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வயிற்றோடு அவள் எந்த விமானத்திலும் ஏறியிருக்க முடியாது. அயர்லாந்தில் அந்தக் காலத்தில் ஒரு பெண் காணாமல் போனால், இங்கிலாந்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்களாம். நோராவைப் பற்றியும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வாசலில் நின்றபோது கௌசல்யா உயிரோடு இல்லை என்றே நான் முடிவு செய்துவிட்டேன். சவரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா எங்களை வழியனுப்புகிற சாக்கில் கரும்புத் தோட்டம் வரைக்கும் கூடவே வந்தாள். யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு அழுதாள். கௌசல்யா கடலூரில் இருக்கிறாள், புதுப்பாளையத்தில் ஒரு அறை எடுத்துக்கொடுத்திருக்கிறோம், அவள் அப்பாவுக்கு எந்த ஹோமும் கிடைக்கவில்லை, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மகளைப் பார்த்துவிட்டு வருகிறாளாம்.

நேராகப் புதுப்பாளையம் போனோம். கதவைத் திறந்தது கௌசல்யாதான். அவளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மழை

பெண் குழந்தை. கடலூரிலேயே பிரசவம். நான் கூட இருந்தேன். செல்வராசு ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள். அயர்லாந்து வேலை கைவிட்டுப் போனது. கௌசல்யா இப்போது கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்குக் கடலூர்தான் வருவார்கள் என்பதால் டியூட்டியில் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. போன மாதம் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று மண்டபத்தில் சொன்னார்களாம்.

போகப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அங்கே ஒரு கிழவி குழந்தையைத் தேடினால் 'குழப்பம்' என்று எழுதுவதற்கு முன்னால், அந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள். ஓட்டுப் போட்டுச் சட்டத்தை மாற்ற ஒரு நாள் போதும். அந்தச் சட்டத்துக்குள் வாழ்ந்து முடித்தவர்களைத்தான் நீங்கள் குளிப்பாட்டப் போகிறீர்கள். அந்த நாட்டைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அவர்கள் லேட்டாகவாவது எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்னார்கள். நாம் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் வகுப்பு முடித்துவிட்டுப் புதுப்பாளையம் போயிருந்தேன். குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. என் செருப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கௌசல்யா டீ போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"மேடம், அயர்லாந்துல இப்ப எப்படி இருக்கும்? ஊர்ல அம்மாவ தெனம் கேக்கறாங்களாம். என்ன சொல்றதுன்னு தெரியாம முழிக்கறாங்க."

"மழைன்னு சொல்லச் சொல்லு" என்றேன்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

சரி என்று தலையாட்டிவிட்டு, அம்மாவுக்கு போன் போட எழுந்து உள்ளே போனாள்.